சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: விளையாட்டு ராக்கெட்டுகள் எங்கே தோற்கின்றன

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டைத் திறக்கும் எவருடைய முதல் ராக்கெட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முடிகிறது. மேலே ஒரு விண்கூடு, அதன் கீழே எரிபொருள் தொட்டி, அதற்கும் கீழே கைக்குக் கிடைத்ததிலேயே பெரிய எஞ்சின். நேராக மேலே கிளம்புகிறது. 70 கி.மீ. தாண்டியதும் காற்று முடிந்துவிடுகிறது, வானம் கறுக்கிறது, நட்சத்திரங்கள் தெரிகின்றன. விண்வெளிக்கு வந்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் எரிபொருள் தீர்கிறது. எறிந்த கல்போல இன்னும் கொஞ்சம் ஏறி, ஒரு கணம் நின்று, வந்த வழியே விழுகிறது.

உயரம் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. இந்த விளையாட்டின் பூமியான கெர்பினில் 80 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் வினாடிக்கு 2,280 மீட்டர் வேகம் வேண்டும். சுற்றுப்பாதையில் இருக்கும் கப்பலும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது கீழே விழும் அளவுக்குக் கோளின் வளைந்த தரையும் அதன் அடியிலிருந்து விலகிப் போய்விடுகிறது. அதனால் தரையைத் தொடாமலே 31 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும்.

விழுந்து நொறுங்கியதும் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று ஏவுதளத்துக்குத் திரும்ப, இன்னொன்று ராக்கெட் கட்டும் கூடத்துக்குத் திரும்ப. புதியவர்கள் முதலாவதை அமுக்குவார்கள்: நான்தான் சரியாக ஓட்டவில்லை, இன்னொரு தடவை பார்ப்போம் என்று. நானும் பல மாதம் அப்படித்தான் செய்தேன். இப்போது கை தானாக இரண்டாவதற்குப் போகிறது. வானத்தில் தெரியும் தவறுகளில் பெரும்பாலானவை கட்டும் கூடத்திலேயே நடந்து முடிந்தவை. ஓட்டும்போது அவை வெளியே வருகின்றன, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் பெலிப்பே பலாங்கே. மெக்சிகோ நகரில் இருந்த ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நிறுவனத்துக்கும் விண்வெளிக்கும் சம்பந்தமே இல்லை. 2011 ஜூனில் முதல் பொதுப் பதிப்பு வந்தது, 2015 ஏப்ரலில் முழுப் பதிப்பு. அதற்கு முன்பே ஆர்பிட்டர் போன்ற, இயற்பியலில் இன்னும் கறாரான சிமுலேட்டர்கள் இருந்தன. மார்ட்டின் ஷ்வைகர் என்ற இயற்பியலாளர் 2000-ஆம் ஆண்டிலேயே அதை வெளியிட்டுவிட்டார். அங்கே பெரும்பாலும் ஏற்கனவே கட்டப்பட்ட கப்பலை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கெர்பலில் கப்பலை நீங்களே பொம்மைக் கட்டைபோல அடுக்குகிறீர்கள். தப்பும் உங்களுடையதுதான். விமானியின் பாடத்தை விடப் பொறியாளரின் பாடம் இங்கே அதிகம்.

அந்தப் பாடத்தின் மையத்தில் இருப்பது ஒரு எண். டெல்டா-வி என்பார்கள். தொட்டியில் இருக்கும் எரிபொருள் முழுவதையும் எரித்தால் கப்பலின் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்ற முடியும் என்பதுதான் அது. சாலையில் போகும் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். விண்வெளியில் கிலோமீட்டருக்கு மதிப்பே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டால் கப்பல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தை மாற்றும்போதுதான் செலவு.

கெர்பினுக்கு இரண்டு நிலவுகள். மன் என்பது 12,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது, மின்மஸ் 47,000 கி.மீ. தொலைவில். தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து மன் பக்கம் கிளம்ப 860 மீ/வி, போய் அதைச் சுற்ற ஆரம்பிக்க 310, தரையிறங்க 580. மொத்தம் 1,750. மின்மஸுக்குக் கிளம்ப 930, சுற்ற 160, இறங்க 180. மொத்தம் 1,270. அதன் பாதை சற்றுச் சாய்ந்திருப்பதால் திருத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அப்படியும் நான்கு மடங்கு தூரத்தில் இருக்கும் நிலவு மலிவாகவே முடிகிறது. சின்ன நிலவு, ஈர்ப்பு குறைவு, இறங்கும்போது பிரேக் போடச் செலவில்லை. முதல் நிலவுப் பயணத்துக்கு எல்லோரும் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து மூக்குடைபடுவார்கள். யாராவது என்னிடம் கேட்டால் முதலில் மின்மஸுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஏழு ஆண்டுகள் இந்த எண்ணை விளையாட்டு காட்டவே இல்லை. 2018 டிசம்பரில் வந்த பதிப்பில்தான் ஒவ்வொரு அடுக்குக்கும் டெல்டா-வி எவ்வளவு என்று திரையில் வந்தது. அதுவரை கால்குலேட்டரில் மடக்கை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, வேறு ஆர்வலர்கள் எழுதிய துணை நிரல்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு, எதுவும் தெரியாமல் இன்னொரு பூஸ்டரை ஒட்டியவர்கள் அதைவிட அதிகம்.

மடக்கை எங்கிருந்து வந்தது? கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டிலிருந்து. கிளம்பும்போது இருக்கும் எடையை, எரிபொருள் தீர்ந்த பின் இருக்கும் எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எஞ்சினின் புகை வெளியேறும் வேகத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் சமன்பாடு. அதன் கொடுமை எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

ஒரு சின்னத் தரையிறங்கியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் உட்காரும் விண்கூடு 0.84 டன். பாராசூட் 0.1. டெரியர் என்ற சிறிய எஞ்சின் 0.5. நடுத்தரத் தொட்டி ஒன்று நிரம்பிய நிலையில் 2.25, காலியானால் 0.25. மொத்தம் 3.69 டன், எரிந்து முடிந்தபின் 1.69. சமன்பாட்டில் போட்டால் சுமார் 2,640 மீ/வி வருகிறது. ஒரு தொட்டிக்கு 2,640 என்றால் இரண்டு தொட்டிக்கு 5,280 என்று மனம் கணக்குப் போடும். வருவது 3,790. மூன்றாவது தொட்டி 680-தான் சேர்க்கிறது. நான்காவது வெறும் 460. அதே தொட்டி, அதே எரிபொருள், அதே எஞ்சின். ஆனால் நான்காவது தொட்டியின் எரிபொருளில் பெரும்பகுதி, மற்ற மூன்று தொட்டிகளையும் தூக்கிச் செல்வதிலேயே கரைந்துபோகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ராக்கெட்டைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குத் தோன்றும்.

இந்த விளையாட்டின் தொட்டிகளில் எரிபொருள் எட்டுப் பங்கு என்றால் உலோகம் ஒரு பங்கு. அதனால் எத்தனை தொட்டி அடுக்கினாலும் எடை விகிதம் ஒன்பதைத் தாண்டவே முடியாது. டெரியர் எஞ்சினுக்கு அதன் உச்ச வரம்பு 7,400 மீ/வி சொச்சம். தொட்டியைக் கோபுரமாக அடுக்கினாலும் அந்தக் கூரையில் தலை இடிக்கும். கூரையை உடைக்க ஒரே வழி, காலியானதைக் கழற்றி எறிவது. அடுக்கடுக்காக ராக்கெட் கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

மேலே சொன்ன 2,640 என்ற எண்ணை நான் மறக்கவே முடியாது. கெர்பினைச் சுற்றும் பாதையிலிருந்து மன்னுக்குக் கிளம்ப 860, சுற்ற 310, இறங்க 580, திரும்பி எழும்ப 580, வீட்டுப் பக்கம் திரும்ப 310. கூட்டிப் பாருங்கள்: 2,640. கடைசியில் கெர்பினின் காற்றே பிரேக் போட்டுவிடும், அதற்குச் செலவில்லை. கணக்குக் கச்சிதமாக வந்த சந்தோஷத்தில் கட்டி முடித்தேன். அப்புறம்தான் கால்கள் இல்லையே என்று நினைவுக்கு வந்தது. கால்கள் மாட்டினேன். வெப்பக் கவசம் மாட்டினேன். ஏணி, ஒரு சின்ன விளக்கு, ஒரு பேட்டரி. எல்லாம் சேர்த்து 300 கிலோதான் இருக்கும்.

அந்த 300 கிலோவைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டிருந்தால் 2,350 என்று வந்திருக்கும். நான் போடவில்லை. இறங்கினேன், கொடி நட்டேன், மேலே ஏறி நிலவைச் சுற்ற ஆரம்பித்தேன், வீட்டுக்குக் கிளம்ப எஞ்சினைத் தட்டினேன். இருமிவிட்டு நின்றுபோனது. விளையாட்டில் கப்பலை ஓட்டும் சிறிய பச்சை மனிதர்களுக்குச் சாப்பாடும் வேண்டாம், மூச்சுக்காற்றும் தீராது. எனவே அவர் பாட்டுக்கு நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார், நான் மீட்புக் கப்பல் கட்ட உட்கார்ந்தேன். ஓட்டியதில் குறையே இல்லை. உச்சியில் சேர்த்த ஒவ்வொரு கிலோவுக்கும் கீழே உள்ள அடுக்குகள் அனைத்தும் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மறந்ததுதான் குறை.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ராக்கெட்டை மேலிருந்து கீழாக, பயணத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கட்டுகிறார்கள். வீடு திரும்புவது என்ன? ஒரு விண்கூடும் பாராசூட்டும். அதை நிலவிலிருந்து கிளப்ப எவ்வளவு வேண்டும்? அந்தச் சுமையோடு இறங்க எவ்வளவு? அந்த மொத்தத்தையும் அங்கே கொண்டுபோக எவ்வளவு? அதையெல்லாம் தரையிலிருந்து தூக்க எவ்வளவு? ஏவுதளத்தில் நிற்கும் பெரிய முதல் அடுக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியாக முடிவாகும் பொருள்.

அப்போலோ திட்டத்திலும் சண்டை இதைப் பற்றித்தான். நிலவில் இறங்கும் கப்பலே வீட்டுக்கும் வர வேண்டுமா என்ற கேள்விக்கு ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் கூடாது என்று விடாமல் வாதாடினார். வீடு திரும்பத் தேவையான எரிபொருளையும் வெப்பக் கவசத்தையும் எதற்காக நிலவின் தரைவரை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்? அவற்றை நிலவைச் சுற்றும் தாய்க் கப்பலிலேயே விட்டுவிட்டு, லேசான வண்டி ஒன்று மட்டும் இறங்கி ஏறட்டும். 1962-இல் நாசா அதையே தேர்ந்தெடுத்தது. என் வெப்பக் கவசம் மன்னின் தரைவரை போய் வந்ததை நினைத்தால், ஹூபோல்ட் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார் என்று தோன்றுகிறது.

எஞ்சின் தேர்விலும் இதே கதைதான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஐ.எஸ்.பி. என்ற சிக்கன எண் இருக்கிறது. கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு நேரம் தள்ளு தரும் என்பதன் அளவு. டெரியருக்கு வெற்றிடத்தில் அது 345 வினாடி. கடல்மட்டத்தில் 85. விண்வெளிக்கென்று அகலமாக விரித்த அதன் புகைவாய்க்குள் வெளிக்காற்று அழுத்தம் புகுந்து தள்ளைத் தின்றுவிடுகிறது. எண்ணைப் பார்க்காமல் அதை முதல் அடுக்கில் மாட்டியவர்களுக்கு ராக்கெட் ஏவுதளத்தை விட்டு அசையாது. அணு எஞ்சின் ஒன்றும் உண்டு, சிக்கனம் 800 வினாடி. கேட்டதும் வாய் ஊறும். அதன் எடை 3 டன். என் தரையிறங்கியோ எரிபொருள் இல்லாமல் 1.7 டன். கோள்களுக்கிடையே ஓடும் பெரிய கப்பலுக்கு அது வரம், சின்னக் கப்பலுக்குக் கழுத்தில் கட்டிய கல்.

தள்ளுக்கும் எடைக்கும் என்ன விகிதம் என்பது அடுத்த கணக்கு. ராக்கெட் எடைக்குச் சரியாக அதே அளவு தள்ளு இருந்தால் அது அந்தரத்தில் நின்று எரிபொருளைக் குடிக்கும், அவ்வளவுதான். அப்படி நிற்கும் ஒவ்வொரு வினாடியும் 9.8 மீ/வி வீண். சுற்றுப்பாதை வேகம் 2,280-தான் என்றாலும் கெர்பினிலிருந்து அங்கே போய்ச்சேர 3,400 வரை செலவாவது இதனாலும் காற்றுத்தடையாலும்தான். ஏவும்போது எடையைப் போல் 1.3 முதல் 1.5 மடங்கு தள்ளு போதும். அதற்கு மேல் போனால் கனமான எஞ்சின்களைச் சுமந்துகொண்டு அடர்ந்த காற்றில் வேகமாக முட்டுகிறோம்.

தொட்டிகளைப் பக்கவாட்டில் கொத்தாகக் கட்டி, வெளித் தொட்டிகளிலிருந்து உள்தொட்டிக்கு எரிபொருளை ஊட்டி, காலியானவற்றை இரண்டிரண்டாகக் கழற்றிவிடும் ஒரு உத்தி விளையாட்டுக்காரர்களிடையே ரொம்பப் பிரபலம். எல்லா எஞ்சினும் தொடக்கத்திலிருந்தே எரியும், எந்தக் காலித் தொட்டியும் கூட வராது. காகிதத்தில் அதைவிட அழகான ஏற்பாடு இல்லை. நிஜத்தில் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டுக்கும் இப்படி எரிபொருள் ஊட்டும் திட்டம் முதலில் இருந்தது. 2018 பிப்ரவரியில் அது முதன்முறை பறந்தபோது அந்த ஏற்பாடு இல்லாமலேயே பறந்தது. பறக்கும்போது கழன்றுபோக வேண்டிய குழாய்களில் அவ்வளவு வேகமாக எரிபொருளைப் பாய்ச்சுவது விளையாட்டில் ஒரு சொடுக்கு, நிஜத்தில் பெரிய தலைவலி.

ராக்கெட் பாதி வழியில் தலைகீழாகப் புரள்வது புதியவர்களின் அடுத்த புகார். அம்பைப் பார்த்தால் காரணம் புரியும். அம்பின் எடை முனையில், இறகு வாலில். காற்று வாலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுவதால் முனை எப்போதும் முன்னால் நிற்கிறது. ராக்கெட்டிலும் நிறை மையம் மேலேயும், காற்றுத்தடை மையம் கீழேயும் இருந்தால் நேராகப் போகும். அழகுக்காக மூக்குப் பக்கம் இறக்கை வைத்தாலோ, லேசான ஆனால் பருத்த சுமையை உச்சியில் வைத்தாலோ அம்பைத் திருப்பிப் பிடித்து எய்த கதைதான். கட்டும் கூடத்தில் இந்த இரண்டு மையங்களையும் காட்டும் பொத்தான்கள் இருக்கின்றன. அமுக்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

எஞ்சினை உச்சியில் வைத்துத் தொட்டியைக் கீழே தொங்கவிட்டால் ஊஞ்சல் குண்டுபோல நேராக நிற்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ராபர்ட் கோடார்டுக்கும் தோன்றியிருக்கிறது. 1926 மார்ச் 16 அன்று அவர் பறக்கவிட்ட, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலேதான் இருந்தது. இரண்டரை வினாடி பறந்து விழுந்தது. எஞ்சின் ராக்கெட்டோடு பிணைந்திருப்பதால் ராக்கெட் சாய்ந்தால் தள்ளும் கூடவே சாய்கிறது, நிமிர்த்த எதுவும் இல்லை. பிறகு அவரும் எஞ்சினைக் கீழே கொண்டுவந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டால் ஏறுவது பெரிய வித்தை இல்லை. வேகம் 50 முதல் 100 மீ/வி ஆனதும் கிழக்குப் பக்கம் சில பாகை சாய்த்துவிட்டு, மீதியை ஈர்ப்பிடம் ஒப்படைக்க வேண்டும். பாதை தானாக வளையும். 10 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 45 பாகை இருந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். கிழக்கே ஏவுவதற்குக் காரணம், கெர்பின் சுழல்வதால் நின்ற இடத்திலேயே 175 மீ/வி இனாமாகக் கிடைக்கிறது.

மேலே போன பிறகு வேறு உலகம். அங்கே தரையில் பழகிய அறிவு எதிரி. பாதையில் கோளுக்கு மிகத் தொலைவில் இருக்கும் சேய்மைப் புள்ளியை உயர்த்த வேண்டுமா, மிக அருகில் இருக்கும் அண்மைப் புள்ளியில் முடுக்க வேண்டும். இங்கே தள்ளினால் சுற்றின் எதிர்ப்பக்கம் உயரும். ஒரு வட்டப் பாதையிலிருந்து இன்னொன்றுக்கு இப்படி இரண்டே தள்ளில், பெரும்பாலும் மிகக் குறைந்த செலவில் போகும் வழியை வால்டர் ஹோமான் 1925-இலேயே எழுதிவைத்துவிட்டார், அப்போது திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்றுகூடப் பறந்ததில்லை.

என் மீட்புக் கப்பலுக்கு வருவோம். முன்னால் போகும் கப்பலைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? அதை நோக்கித் திருப்பி எஞ்சினை முடுக்கினேன். தூரம் முதலில் குறைந்தது, பிறகு கூடிக்கொண்டே போனது. முடுக்கியதும் என் பாதை பெரிதாகிவிட்டது. பெரிய பாதையைச் சுற்ற அதிக நேரம், ஆகவே நான் பின்தங்கிவிட்டேன். முன்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட்டுத் தாழ்ந்து, சின்ன வட்டத்தில் வேகமாகச் சுற்றிப் பக்கத்தில் போய், பிறகு ஏற வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1965 ஜூனில் ஜெமினி 4 கப்பலை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைத் தூக்கிவந்த டைட்டன் ராக்கெட்டின் காலி அடுக்கை நெருங்கப் பார்த்தார். விமானம் ஓட்டிப் பழகியவர், குறியை நோக்கி முடுக்கினார். அடுக்கு விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7-க்கு ஒரு அடி அருகில் வரை போய் நின்றது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் மாறியது கணக்கைப் பார்த்து ஓட்டும் முறை.

சரி, என் கப்பலும் ஒருவழியாக நெருங்கியது. பச்சை மனிதர் வெளியே வந்து மிதந்து மீட்புக் கப்பலின் கதவைப் பிடித்தார். உள்ளே ஏற முடியவில்லை. ஒரே இருக்கை, அதில் நான் ஏற்கனவே ஒரு விமானியை உட்காரவைத்து அனுப்பியிருந்தேன். மறுபடி இரண்டாவது பொத்தான்.

இறங்கும்போது நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் பாதி கட்டும் கூடத்தில் முடிந்துவிடுகிறது. ஒல்லியாக உயரமாக இருக்கும் கப்பல், பக்கவாட்டு வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டர் மிச்சமிருந்தாலும் சரிவில் கவிழும். குட்டையாக, கால்களை அகட்டி நிற்கும் கப்பல் அதைத் தாங்கும். 2024-இல் நிலவில் இறங்கிய ஜப்பானின் ஸ்லிம், அமெரிக்காவின் ஒடிஸியஸ் இரண்டுமே கவிழ்ந்த நிலையில்தான் வேலை பார்த்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோது கெர்பல் ஆடுபவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சிதான் அது.

தள்ளு குறைந்த எஞ்சின் வைத்த பெரிய கப்பல்களுக்கு இன்னொரு உத்தி. வேகமாகப் போகும்போது கொடுக்கும் தள்ளு, மெதுவாகப் போகும்போது கொடுக்கும் அதே தள்ளைவிட அதிக ஆற்றல் சேர்க்கும். ஹெர்மன் ஓபெர்த் பெயரால் அழைக்கப்படும் விளைவு இது. கோளுக்கு மிக அருகில் வரும்போதுதான் கப்பலின் வேகம் உச்சம். எனவே ஒரே மூச்சில் எரிக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் அண்மைப் புள்ளியை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்க வேண்டும். 2013 நவம்பரில் ஏவிய மங்கள்யான் 440 நியூட்டன் எஞ்சினை வைத்துக்கொண்டு செவ்வாய்க்குப் போனது இந்த வழியில்தான். பூமியைச் சுற்றியபடியே ஆறு முறை எஞ்சினை இயக்கிப் பாதையை நீட்டி, டிசம்பர் 1 அன்று கடைசித் தள்ளு கொடுத்தார்கள். எஞ்சின் பலவீனமானது என்று தெரிந்தே கட்டி, அதற்கேற்ற பாதையையும் சேர்த்தே வடிவமைத்த கப்பல் அது.

இவ்வளவு சொன்ன பிறகு, விளையாட்டு சொல்லும் பொய்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது கெர்பினே. ஆரம் 600 கி.மீ., பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் ஈர்ப்பு மட்டும் பூமிக்குச் சமம். இரண்டும் சேர வேண்டுமானால் அந்தக் கோளின் அடர்த்தி பூமியைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். ஆஸ்மியம் என்ற மிக அடர்த்தியான உலோகத்தைப் போல் இரண்டரை மடங்கு. அப்படி ஒரு பொருளால் ஆன கோள் எங்கும் இல்லை. ஆனால் இந்தப் பொய் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. ஐ.எஸ்.பி. 320 உள்ள எஞ்சினில் 3,400 மீ/வி பெற, கிளம்பும் எடை போய்ச் சேரும் எடையைப் போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். பூமிக்கு வேண்டியது சுமார் 9,400. அதே எஞ்சினுக்கு இருபது மடங்கு. செலவு மூன்று மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது, எடை விகிதம் ஏழு மடங்காகிவிட்டது. மூன்றுக்கும் இருபதுக்கும் இடையில்தான் பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. நிஜ அளவுச் சூரியக் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல் ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பழைய ராக்கெட்டை ஏவிப் பாருங்கள், அகம்பாவம் அடங்கும்.

இரண்டாவது பொய் ஈர்ப்பைப் பற்றியது. கப்பலை ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோள்தான் இழுக்கும். மன்னைச் சுற்றி ஏறத்தாழ 2,400 கி.மீ. வரை ஒரு கண்ணுக்குத் தெரியாத கோளம் உண்டு. அதற்குள் நுழைந்த கணம் கெர்பின் இல்லாமல் போய்விடும், மன் மட்டுமே இழுக்கும். பாதையை முன்கூட்டியே துல்லியமாக வரைந்து காட்ட முடிவது இதனால்தான். இதற்கு விலை, இரண்டு ஈர்ப்புகள் சமரசம் ஆகும் லக்ராஞ்சு புள்ளிகள் அங்கே கிடையாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவில் அப்படி ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கெர்பலில் அதற்கு இடமில்லை. எல்லா ஈர்ப்பையும் ஒருசேரக் கணக்கிடும் பிரின்சிபியா என்ற துணை நிரலைச் சேர்த்தால்தான் உண்டு.

எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் அணைத்து மூட்டலாம் என்பது மூன்றாவது. நிஜத்தில் பல எஞ்சின்களுக்கு அது எண்ணிக் கொடுத்த வரம், அதிலும் திரவ ஹைட்ரஜன் போன்றவை தொட்டியில் இருக்கும்போதே ஆவியாகிப் போகும். முழுப் பதிப்பு வருவதற்கு முன் இன்னொரு கூத்தும் இருந்தது: காற்றுத்தடை எடையைப் பொறுத்துக் கணக்கிடப்பட்டதால், கூர்மூக்கு மாட்டினால் தடை கூடும். மாட்டாத மொட்டை ராக்கெட் நன்றாகப் பறந்தது. 2015-இல் அதைத் திருத்திய பிறகுதான் ராக்கெட்டுகள் ராக்கெட் மாதிரி தோற்றமளிக்க ஆரம்பித்தன.

கப்பல் காரணமே இல்லாமல் நடுங்கிச் சிதறுவதை ஆடுபவர்கள் கிராக்கன் என்ற கடல் பூதத்தின் பெயரால் அழைப்பார்கள். பூதத்தின் பின்னாலும் கணக்குதான். கணினி இடங்களைச் சுமார் ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் வைத்திருக்கிறது. ஏவுதளத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால், மன் இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டருக்குக் குறைந்த எதையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஒரு மீட்டர் நீளத் தொட்டியின் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால் இணைப்புகள் துடித்துப் பிய்ந்துபோகாமல் என்ன செய்யும்? தீர்வு அழகானது. கப்பலை அசையாமல் நடுவில் வைத்துவிட்டு, பிரபஞ்சத்தையே அதைச் சுற்றி நகர்த்துகிறார்கள்.

இப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஈவ் என்ற ஊதாக் கோளோடு. ஈர்ப்பு கெர்பினைப் போல் 1.7 மடங்கு, காற்றழுத்தம் தரையில் ஐந்து மடங்கு, காற்று 90 கி.மீ. வரை. இறங்குவது சுலபம், பாராசூட்டே போதும். ஏறுவதற்குக் கடல்மட்டத்திலிருந்து 8,000 மீ/வி அளவுக்கு வேண்டும், அதுவும் எஞ்சின்கள் மூச்சுத் திணறும் காற்றில். என் கப்பல் நான்காவது முறையாகக் கட்டும் கூடத்தில் நிற்கிறது. விளக்கைக் கழற்றியாகிவிட்டது, பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. பாராசூட்டுகளை இறங்கியதும் உதிர்த்துவிடலாம், கால்களையும் தரையிலேயே விட்டுவிட்டு ஏறலாம். ஏணி ஒன்றுதான் மிச்சம். அதை எடுத்துவிட்டால் பச்சை மனிதர் கொடி நட்டுவிட்டு எப்படித் திரும்ப ஏறுவார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.